கைக்கு ஏற்ற கிட்டார் நெக்: மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். 22 வயதில் என் இடது கை மோதிர விரல் விசைத்தறி பெல்ட்டில் மாட்டியது. அதன் நடு மூட்டு இன்றைக்கும் பாதிதான் மடங்கும். அதனாலோ என்னவோ, கையில் சிக்கல் உள்ளவர்கள் தேடி வருகிறார்கள். போலியோவில் தோள் இளைத்தவர், முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் நோய்) வந்த அக்கா, பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை மட்டும் சொன்னபடி கேட்கும் பெரியவர், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் விரல் நுனியை இழந்த தம்பி. பெரும்பாலும் கிட்டாரை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். "இது எனக்குச் சரிவரலைங்கண்ணா" என்பதுதான் முதல் பேச்சு.

கடையில் எல்லோருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஒல்லி நெக்கா வாங்குங்க, ஈசியா இருக்கும்." அதை நம்பி நானும் பணத்தை விட்டிருக்கிறேன். அந்தக் கதை 6-ஆம் படியில் வரும். நெக் என்பது கிட்டாரில் கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி. அதில் நீளம், அகலம், தடிமன், பின்பக்க வடிவம், மேல்பக்க வளைவு என்று ஐந்து விஷயம் இருக்கிறது. உங்கள் கை எங்கே தடுக்கிறதோ அதைப் பொறுத்து இவற்றில் ஒன்றோ இரண்டோதான் உங்களுக்கு முக்கியம். எது என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் தலையில் விழும்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இரவல் வாங்கியாவது ஒரு கிட்டார், ஒரு கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்), செல்போனில் டியூனர் ஆப், ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி), ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 2 மி.மீ. கார்க் ஷீட் ஒன்று, மாஸ்கிங் டேப், ஒரு நோட்டு. வெர்னியர் வாங்க வேண்டாம் என்றால் தெரிந்த லேத் பட்டறையில் கேளுங்கள், கொடுப்பார்கள்.

ஸ்கேலில் ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கூட ஸ்கேலில் விளிம்புக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அதை நிறுத்திக் கம்பி உயரம் பார்த்தால் உண்மை உயரத்தைவிடக் குறைவாகக் காட்டும். விளிம்பிலேயே பூஜ்யம் தொடங்கும் ஸ்கேலாகப் பார்த்து எடுங்கள். இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

1. முதலில் கையை அளந்துகொள்ளுங்கள்

கிட்டாரைத் தொடாமல் ஐந்து சோதனை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். கடையில் நிற்கும்போது நினைவு ஏமாற்றும்.

விரிவு. மேசை மீது காகிதம் போட்டு, விரல்களை மடக்கி, கம்பியை அமுக்குவதுபோல நுனிகளை ஊன்றுங்கள். வலி வராத அளவுக்கு விரித்து, ஆள்காட்டி விரல் நுனிக்கும் சுண்டு விரல் நுனிக்கும் உள்ள தூரத்தைக் குறியுங்கள். கையைத் தட்டையாக விரித்து அளக்காதீர்கள். அந்த நீளம் நெக்கின் மேல் கிடைக்காது.

மடக்கம். மார்க்கர் பேனா, சின்ன டார்ச், பூரிக்கட்டை என்று தடிமன் வேறுபட்ட மூன்று பொருளைத் தலா இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். எதைப் பிடித்தபோது கட்டைவிரல் அடி முதலில் கடுத்தது, எதைப் பிடித்தபோது பிடித்திருப்பதே மறந்துபோனது என்று பாருங்கள்.

அழுத்தம். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒவ்வொரு விரலாலும் பத்து விநாடி அழுத்தி, நடுங்காமல் நிறுத்த முடிகிற எடையை எழுதுங்கள். விரலுக்கு விரல் என்ன வித்தியாசம் என்பதுதான் இங்கே தேவை. என் மோதிர விரல் நடுவிரலில் பாதி எடையைக்கூடத் தாங்காது.

திருப்பம். முழங்கையை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். முழுதாகத் திரும்பவில்லை என்றால் நெக்கின் அடியில் கையைக் கொண்டுபோவதே போராட்டமாகிவிடும். உங்களுக்கு 3-ஆம் படிதான் உயிர்நாடி.

உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு, வேறு ஒருவரை விரல் நுனிகளைப் பஞ்சால் தொடச் சொல்லுங்கள். நீரிழிவாலோ நரம்புச் சிக்கலாலோ நுனி மரத்திருந்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது, தேவைக்கு மேல் அழுத்திப் புண்ணாக்கிக்கொள்வோம். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் விரல் நுனியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கை எந்த நேரத்தில் மோசமாக இருக்குமோ அந்த நேரத்தில் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். முடக்குவாதம் உள்ள அக்கா ஒருவர் மாலை நாலு மணிக்கு என் அறைக்கு வந்து அருமையாக ஒரு நெக்கைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி ஆசிரியர். அவருக்குப் பயிற்சிக்கு நேரம் கிடைப்பதே காலை ஆறு மணிக்குத்தான், விரல்கள் விறைத்துக் கிடக்கும் நேரம். "சாயங்காலம் இது என் கையாவே இருந்துச்சு சார், காலையில யாரோட கையோ மாதிரி இருக்கு" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம், இந்தமுறை காலை ஏழு மணிக்கு.

2. எந்தக் கை கம்பியை அமுக்கும்?

இதை முடிவு செய்யாமல் மேலே போவதில் பயனில்லை. கை மாறினால் பின்னால் வரும் எல்லா அளவும் மாறிவிடும்.

இடது கையில் விரல் குறைவு, வலது கை நன்றாக இருக்கிறது என்றால் கிட்டாரைத் திருப்பிப் பிடிப்பதைத் தாராளமாக யோசிக்கலாம். பிக் (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) பிடிக்க இரண்டு விரலோ, மணிக்கட்டில் பட்டை போட்டு மாட்டிய பிக்கோ போதும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது சுலபம், பத்து வருடம் வாசித்தவருக்குத்தான் வேதனை. இடதுகைக் கிட்டார் நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். வலதுகைக் கிட்டாரில் கம்பியைத் தலைகீழாக மாற்றினால் நட்டின் (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் பட்டை) பள்ளங்களும், பிரிட்ஜில் (பாடியில் கம்பிகளைக் கட்டும் கட்டை) கம்பிகளைத் தாங்கும் சேடிலும் மாற வேண்டும். நைலான் கம்பிக் கிட்டாரில் சேடில் சாய்வில்லாமல் இருப்பதால் வேலை குறைவு.

விரல்கள் மடங்கவே மடங்காது என்றால் நெக் தேடுவதை இங்கேயே நிறுத்திவிடலாம். கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கோட்டுவாத்தியம் வாசிப்பதுபோல மேலிருந்து உருளையால் தேய்த்து வாசிக்கும் முறை இருக்கிறது. கம்பிகளை டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று கட்டினால் சும்மா மீட்டினாலே டி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). உருளையை 5-ஆம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வைத்தால் ஜி, 7-இல் வைத்தால் ஏ. மூன்று கார்டு வந்துவிட்டது, விரல் ஒன்றும் மடங்கவில்லை. கம்பியை உயர்த்த நட்டின் மேல் மாட்டும் ஒரு உலோகத் துண்டு மட்டும் தேவை. பக்கவாதம் வந்த பெரியவர் இப்படித்தான் வாசிக்கிறார். நெக்கின் பின்பக்கம் எப்படி இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

3. உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள்

நெக் தரைக்குச் சமமாகக் கிடந்தால் மணிக்கட்டு அதிகம் மடங்கும். தலைப்பக்கம் தோள் உயரத்துக்கு ஏறினால் மடிப்பு குறையும். ஒரே நெக், வேறு கோணம், வேறு வலி. அதனால் கோணத்தை முடிவு செய்யாமல் எந்த நெக்கையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

உட்கார்ந்தாலும் ஸ்ட்ராப் போடுங்கள். இடது காலுக்கடியில் ஒரு முக்காலியோ பழைய புத்தகக் கட்டோ வையுங்கள், அல்லது கிட்டாரை இரண்டு தொடைகளுக்கு நடுவே இறக்கி நெக்கை 45 டிகிரிக்கு உயர்த்துங்கள். உள்ளங்கை முழுதாகத் திரும்பாதவர்களுக்கு இந்த உயர்வு பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கைப்பிடிதான் எதிரி. அகலமான பாடி அதில் இடித்து நெக்கை முன்னே தள்ளிவிடும். கழற்றக்கூடிய கைப்பிடி என்றால் கழற்றுங்கள். இல்லையென்றால் சின்ன பாடி தேடுங்கள்.

அப்புறம், கையை எடுத்தால் தலைப்பக்கம் தொங்குகிற கிட்டார் வேண்டவே வேண்டாம். இடது கை நெக்கைத் தாங்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும் என்றால் பலவீனமான கைக்கு இரட்டை வேலை.

4. இருக்கும் கிட்டாரை செட்டப் செய்யுங்கள்

"நெக் கஷ்டமா இருக்கு" என்று வருபவர்களில் பாதிப்பேருக்கு நெக்கில் குறையே இல்லை. கம்பி உயரமாக இருக்கிறது, அவ்வளவுதான். நெக்குக்கு ஏன் பழி?

மூன்று இடம் பாருங்கள். முதலில் நெக் நீளவாக்கில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. தடித்த ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் நெக் பாடியோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அமுக்கி, 7-ஆம் ஃபிரெட் அருகே இடைவெளியைப் பாருங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு இருந்தால் போதும். அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (நெக்கை நிமிர்த்த அதன் உள்ளே ஓடும் உலோகத் தண்டு) கால் சுற்றுக்கு மேல் நீங்களே திருப்பாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இரண்டாவது நட். கம்பியை 3-ஆம் ஃபிரெட்டில் அமுக்கினால் முதல் ஃபிரெட்டுக்கு மேலே காகிதம் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். எஃப் கார்டு கையை உடைக்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். விலை குறைந்த புதுக் கிட்டார்களில் நட்டின் பள்ளம் ஆழமில்லாமலே வரும்.

மூன்றாவது 12-ஆம் ஃபிரெட் உயரம். இரும்புக் கம்பி அக்குஸ்டிக்கில் தடித்த கம்பி 2.5 மி.மீ., மெல்லிய கம்பி 2 மி.மீ. அளவுக்கு வந்தால் நல்லது. எலெக்ட்ரிக்கில் இன்னும் கீழே, 1.5 முதல் 2 வரை. சேடிலை எவ்வளவு தேய்க்கிறீர்களோ அதில் பாதிதான் 12-ஆம் ஃபிரெட்டில் இறங்கும். அரை மி.மீ. இறக்க ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். இது தெரியாமல் தேய்த்துவிட்டு "ஒண்ணும் மாறல" என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்க வேண்டும், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

அடுத்து கம்பி. அக்குஸ்டிக்கில் 12-53 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இருந்தால் 10-47-க்கு மாறுங்கள். எலெக்ட்ரிக்கில் 10-46 இருந்தால் 9-42 அல்லது 8-38. அதோடு எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதமும், முழு ஸ்வரம் இறக்கினால் 21 சதவீதமும் குறையும். பர்மிங்காம் தகடு ஆலையில் 17 வயதில் இரண்டு விரல் நுனிகளை இழந்த, பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி இந்த வழியில்தான் போனார்: நுனிக்கு உறை, மெல்லிய கம்பி, இறக்கிய டியூனிங். அவர் இடதுகைக்காரர், இழந்தது கம்பி அமுக்கும் வலது கையின் நுனிகளை.

இதெல்லாம் செய்த பிறகு இரண்டு வாரம் வாசியுங்கள். வலி போய்விட்டதா? கடைக்குப் போகும் செலவு மிச்சம்.

5. நீளத்தை கேப்போவால் கண்டுபிடியுங்கள்

நட்டிலிருந்து சேடில் வரை அதிரும் கம்பியின் நீளம்தான் ஸ்கேல் லெங்த். இது குறைந்தால் ஃபிரெட்டுகள் நெருங்கும், கம்பியும் தளரும். விரல் விரியாதவர்களுக்கும், முழங்கை நீளாதவர்களுக்கும், தோள் வலி உள்ளவர்களுக்கும் இதுதான் முதல் அளவு.

1-ஆம் ஃபிரெட்டுக்கும் 4-ஆம் ஃபிரெட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை உங்கள் நோட்டில் இருக்கும் விரிவு அளவோடு ஒப்பிடுங்கள். 650 மி.மீ. கிளாசிக்கலில் (நைலான் கம்பிக் கிட்டார்) அது 98 மி.மீ. கிப்சன் வகை 628-இல் 94. ஃபெண்டர் மஸ்டாங் போன்ற 610-இல் 92. முக்கால் அளவுக் கிளாசிக்கல் 580-இல் 87. குழந்தைகளுக்கென்று விற்கும் 540-இல் 81.

வித்தியாசம் சில மி.மீ.தானே என்று தோன்றும். விரல் விரியும் எல்லையில் நிற்பவருக்கு அந்த 4 மி.மீ.தான் எல்லாமே.

புதுக் கிட்டார் வாங்காமலே இதை உணர்ந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் நீளம் 648. முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் மிச்சம் 612, கிட்டத்தட்ட மஸ்டாங். இரண்டாவதில் போட்டால் 577, கிட்டத்தட்ட முக்கால் அளவு. எந்த கேப்போ இடத்தில் கை தளர்கிறதோ அதுதான் உங்கள் நீளம். கணக்கு இவ்வளவுதான்.

இன்னொரு படி போகலாம். எல்லாக் கம்பியையும் முழு ஸ்வரம் இறக்கிவிட்டு, இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போவை நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். சுருதி வழக்கம்போல, கம்பி 21 சதவீதம் தளர்வு, நீளம் முக்கால் கிட்டார். முடக்குவாதம் வந்த அக்கா ஆறு மாதம் இப்படியே வாசித்தார். கம்பி தளர்ந்ததால் இரைச்சல் வந்தால் உயரத்தைத் துளி ஏற்றினால் போதும்.

ஒரு தவறு: கை சின்னது என்று ஒரேயடியாக கிட்டார்லேலேவுக்கு (யுகுலேலே அளவுள்ள ஆறு கம்பிக் குட்டிக் கிட்டார்) தாவுவது. 433 மி.மீ. நீளத்தில் ஃபிரெட்டுகள் மிக நெருக்கம். நடுக்கம் உள்ள விரலும் தடித்த விரலும் அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

6. தடிமனும் பின்பக்க வடிவமும்

இப்போது என் கதை. விபத்துக்குப் பிறகு கடைக்காரர் சொல்லைக் கேட்டு, முதல் ஃபிரெட்டில் 18 மி.மீ. தடிமன் உள்ள, பின்பக்கம் தட்டையான எலெக்ட்ரிக் ஒன்றை வாங்கினேன். கடையில் ஐந்து நிமிடம் வாசித்தபோது வெண்ணெய்போல இருந்தது. வீட்டில் பத்தாவது நிமிடம் கட்டைவிரல் அடியில் சுளீரென்று பிடித்தது. ஒரு மாதம் பயிற்சி போதவில்லை என்று நினைத்துத் தள்ளினேன். கடைசியில் பாதி விலைக்கு விற்றேன்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. மோதிர விரல் மடங்காததால் மற்ற விரல்கள் கூடுதலாக அழுத்தின, அதை ஈடுகட்டக் கட்டைவிரல் பின்னாலிருந்து கிள்ளியது. மெல்லிய பொருளைக் கிள்ளத்தான் அதிக பலம் வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நெக்கிலும் அதேதான். கொஞ்சம் தடித்த நெக் உள்ளங்கையை நிரப்பும், கை முழுதாக மூட வேண்டியதில்லை.

அதற்காக எல்லோரும் தடித்த நெக் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. விரல் குட்டையானவர்களுக்கும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சவ்வு விரியாதவர்களுக்கும் தடித்த நெக் விரலைச் சாப்பிட்டுவிடும், தடித்த கம்பியை எட்ட முடியாது. உங்கள் மடக்கச் சோதனையில் மார்க்கர் சுகமாக இருந்ததா, பூரிக்கட்டையா என்பதை இங்கே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் கார்க் சோதனை. கார்க் ஷீட்டிலிருந்து முதல் ஃபிரெட் முதல் 5-ஆம் ஃபிரெட் வரை நீளமும், நெக்கின் பின்பக்கத்தை மூடும் அகலமும் உள்ள துண்டை வெட்டுங்கள். ஓரங்களைக் கத்தியால் சாய்வாகச் சீவுங்கள். மாஸ்கிங் டேப் போட்டு நெக்கில் ஒட்டுங்கள். டேப்பின் பிசின் வார்னிஷில் நாட்கணக்கில் இருக்க வேண்டாம், தினமும் எடுத்துவிடுங்கள். 20 மி.மீ. நெக் இப்போது 22 ஆகிவிட்டது. பத்து நிமிடம் வாசித்து எழுதுங்கள். நெக்கின் குறுக்குவெட்டு எந்த ஆங்கில எழுத்துபோல இருக்கிறதோ அதுதான் வடிவத்தின் பெயர்: நடுவில் மட்டும் இன்னொரு மெல்லிய கீற்று ஒட்டினால் வி வடிவம், இரண்டு ஓரங்களில் மட்டும் கீற்று ஒட்டினால் யு வடிவம். கேவலமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. முப்பது ரூபாய் கார்க் துண்டு எனக்குச் சொன்னதைப் பல ஆயிரம் ரூபாய் கிட்டார் சொல்லவில்லை.

எண்கள் வேண்டுமென்றால்: முதல் ஃபிரெட்டில் 17 முதல் 19 மி.மீ. மெல்லியது, 20-21 நடுத்தரம், 23-க்கு மேல் தடித்தது. 12-ஆம் ஃபிரெட்டிலும் அளந்து பாருங்கள். சில நெக்குகள் மேலே மெலிந்து கீழே சட்டென்று பருக்கும், கை நகரும்போது பிடி மாறிக்கொண்டே இருக்கும்.

வடிவத்தில், கட்டைவிரலை நெக்குக்கு மேலே வளைத்துப் பிடிப்பவருக்கு மென்மையான வி பொருந்தும். கட்டைவிரலைப் பின்னால் நடுவில் ஊன்றுபவருக்கு வி-யின் முகடு குத்தும், தட்டையான டி நன்று. இரண்டும் கெட்டான் என்றால் சி. பெரும்பாலான கிட்டார்கள் இதுதான்.

7. அகலம்

நட்டின் அகலம் எலெக்ட்ரிக்கில் 42-43 மி.மீ., இரும்புக் கம்பி அக்குஸ்டிக்கில் 43 முதல் 44.5, கிளாசிக்கலில் 52. 43-இல் கம்பிக்குக் கம்பி சுமார் 7 மி.மீ., 52-இல் சுமார் எட்டரை.

விரல் எண்ணிக்கை குறைந்தவர்களுக்குக் குறுகல் நல்லது, ஒரு நுனியால் இரண்டு கம்பியைச் சேர்த்து அமுக்கலாம். பட்டறைத் தம்பிக்கு 42 மி.மீ. எலெக்ட்ரிக் கொடுத்ததும் ஏ கார்டை ஒரே விரலில் போட்டுவிட்டு, "அண்ணா, இவ்வளவு நாளா என்னத்துக்கு மூணு விரல் தேடிட்டிருந்தேன்?" என்றான். நடுக்கம் உள்ளவர்களுக்கும் நுனி மரத்தவர்களுக்கும் அகலமே நல்லது, பக்கத்துக் கம்பியில் விரல் படாது.

நைலான் கம்பி மென்மை என்பதால் கிளாசிக்கல் வாங்கச் சொல்வார்கள். இழுவிசை இரும்புக் கம்பியில் ஏறக்குறைய பாதிதான், உண்மை. ஆனால் 52 மி.மீ. அகலத்தைச் சுற்றி வர மணிக்கட்டு நன்றாக மடங்க வேண்டும். அழுத்தம்தான் சிக்கல், மணிக்கட்டு சரி என்றால் வாங்குங்கள். மணிக்கட்டுதான் சிக்கல் என்றால், 48 மி.மீ. அகலமுள்ள முக்கால் அளவுக் கிளாசிக்கல் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள்.

8. வளைவு, ஃபிரெட், பூச்சு

கம்பிகளுக்கு அடியில் உள்ள மேல்பக்கம் குறுக்குவாக்கில் உருண்டிருந்தால் (ஃபெண்டரில் 184 அல்லது 241 மி.மீ. ஆரம்) பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்குவது) இதமாகப் படியும். தட்டையாக இருந்தால் (305, 400) கம்பியை இழுத்து வளைக்கலாம். தொடக்கக்காரருக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

உயரமான ஃபிரெட்டில் குறைந்த அழுத்தத்திலேயே நாதம் வரும். பழக்கதோஷத்தில் கூடுதலாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும், அவ்வளவுதான்.

பூச்சு மட்டும் நம் ஊரில் கவனிக்க வேண்டியது. சித்திரை வெயிலில் வியர்த்த கை பளபளப்பான நெக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் கையை நகர்த்தத் தோள் வேலை செய்யும். மங்கலான சாட்டின் பூச்சு கேளுங்கள். பளபளப்பு நெக்தான் கிடைத்தது என்றால், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரின் பழைய துண்டால் பின்பக்கத்தை நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து மங்கலாக்கலாம். வாரண்டி முடிந்த பிறகு செய்யுங்கள்.

9. கடைக்குப் போகும் நாள்

சேலத்தில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் கோவை, பெங்களூரு, சென்னை. வெளியூர் என்றால் முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது. நாலு மணி நேரம் பஸ் கம்பியைப் பிடித்து வந்த கையோடு நெக் பார்ப்பது வீண். வார நாளில் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது.

நோட்டு, வெர்னியர், கேப்போ, உங்கள் முக்காலி, ஸ்ட்ராப் எல்லாம் கூடப் போகட்டும். கடைக்காரர் வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், அவருடைய கை உங்கள் கை இல்லை. விலையைப் பார்க்காமல் முதலில் அளவு, பிறகு விரல்.

ஒரு கிட்டாருக்கு இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் எல்லா நெக்கும் சுகமாகத்தான் இருக்கும், உண்மை பதினைந்துக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்குக் கஷ்டமான கார்டையே திரும்பத் திரும்பப் போடுங்கள். நடுவில் கட்டைவிரலை எடுத்துவிட்டு, கை எடையால் மட்டும் கம்பியை இழுத்து வாசித்துப் பாருங்கள். நாதம் வருகிறது என்றால் அந்த நெக்கில் நீங்கள் கிள்ள வேண்டியதில்லை.

மூன்று கிட்டாருக்கு மேல் ஒரு நாளில் பார்க்காதீர்கள். நாலாவதைக் களைத்த கைதான் தீர்ப்பு சொல்லும். அன்று வாங்கவும் வாங்காதீர்கள். மறுநாள் காலை கை எப்படி எழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். "ஸ்டாக் போயிடும் சார்" என்பார்கள். போகட்டும்.

10. நெக்கை மட்டும் மாற்றலாமா?

நாலு திருகாணி போட்டு மாட்டிய எலெக்ட்ரிக் நெக்கை மாற்றலாம். ஒட்டிய நெக்கையும் அக்குஸ்டிக் நெக்கையும் விட்டுவிடுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது அடிப்பாகத்தின் அகலம் (ஃபெண்டர் வகையில் 56 மி.மீ.), ஸ்கேல் லெங்த், நட்டின் அகலம், முதல் ஃபிரெட் தடிமன் நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். "கம்ஃபர்ட்", "ஸ்லிம்" என்ற சொற்களுக்கு அளவு கிடையாது. ஒருவரின் ஸ்லிம் 18, இன்னொருவரின் ஸ்லிம் 21. பாடி 648-க்குச் செய்தது என்றால் சும்மா ஒரு 628 நெக் பொருந்தாது, சுருதி நிற்காது. அதற்கென்றே செய்த கன்வர்ஷன் நெக் வேண்டும்.

தடிமன் அதிகமான நெக்கைச் சீவ முடியும். உள்ளே ட்ரஸ் ராட் ஓடுகிறது, அதனால் தச்சரிடம் கொடுக்காமல் கிட்டார் வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.

11. வாங்கிய பிறகு

முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு முறை, தலா பத்து நிமிடம். வலி மறுநாள் காலையும் இருந்தால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். மரப்பு, சுருக்கென்ற மின்வலி வந்தால் பிசியோதெரபிஸ்டிடம் கிட்டாரோடு போய், வாசிக்கும் கோணத்தைக் காட்டுங்கள்.

வாங்கிய நாளிலேயே 12-ஆம் ஃபிரெட் உயரத்தை நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒருவர், போலியோவில் தோள் இளைத்தவர், ஒரு ஐப்பசி மாதம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். "கை இன்னும் மோசமாயிடுச்சு போல, சார். எஃப் வரவே மாட்டேங்குது." முகம் வாடிக் கிடந்தது. நோட்டைப் பார்த்தேன். சித்திரையில் 2.4 மி.மீ. இப்போது அளந்தால் 3.0. மலை ஈரத்தைக் குடித்து முன்பலகை உப்பி, பிரிட்ஜைத் தூக்கியிருந்தது. கை அப்படியே இருந்தது, மரம்தான் ஏறியிருந்தது.

புதிதாக இன்னொரு சேடில் வாங்கி, 1.2 மி.மீ. தாழ்வாகத் தேய்த்துக் கொடுத்தேன். பழையதையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். ஐப்பசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று என்று இப்போது அவரே மாற்றிக்கொள்கிறார்.